ஒற்றைச் செருப்பில் வெட்டிய ‘அ’

மட்டக்களப்பில் கண் உள்ளவர்கள் எல்லாரும் அந்த எழுத்தைக் கண்டிருப்பார்கள். கல்லடிப் பாலத்தடி மீன்கடைப் பலகையில் அது நிற்கிறது. மென்பந்துக் கிரிக்கெட் சுற்றுப்போட்டிச் சுவரொட்டிகளிலும், குருக்கள்மடத்துச் சந்தியில் சைக்கிள் திருத்துகிறவரின் தகரக் கதவிலும், நகரத்துத் தேநீர்க்கடை ஒன்றின் பெயர்ப்பலகையிலும் நிற்கிறது. நல்ல தடித்த எழுத்து. ஆனால் ஒன்றாவது முழுதாக இராது. ஓரம் தேய்ந்திருக்கும், நடுவில் வெள்ளை விழுந்திருக்கும், சிலவற்றில் குறுக்கே வரி வரியாக ஓடியிருக்கும். தூர நின்று பார்த்தால் அதட்டும். கிட்டப் போனால், நெடுந்தூரம் நடந்து வந்த ஆள் மாதிரிக் களைத்து நிற்கும்.

ஊரார் அதைச் செருப்பெழுத்து என்கிறார்கள். யாரையும் ஏசுவதற்காக வைத்த பெயர் அல்ல. தேய்ந்த இறப்பர் செருப்பின் அடிப்பக்கத்தில் வெட்டி, மை பூசி, கடதாசியில் குத்தி எடுத்த எழுத்து என்பதால் அந்தப் பெயர். வெட்டியவள் கல்லடியைச் சேர்ந்த கம்சாயினி. இந்தக் கதை அவளைப் பற்றியது. அவள் வெட்டியவற்றுக்குள் வெட்டியிருக்கவே கூடாத எழுத்து ஒன்று இருந்தது, அதைப் பற்றியதும்தான்.

உயர்தரப் பரீட்சை எழுதிய கையோடு, பாலத்துக்கு அப்பால் நகரத்தில் வேர்னனின் அச்சுக்கடைக் கணினிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தவள் கம்சாயினி. இன்றைக்கும் அதே கதிரைதான். வேர்னன் டச்பார்ப் பக்கத்தில் இருக்கும், ஐரோப்பியர் வழி வந்த பறங்கியர். வாய் நிறையப் பேசுவார், மனதில் ஒன்றும் வைத்திருக்கமாட்டார். கடை மூலையில் அவருடைய பழைய கையச்சு மெசின் ஒன்று எண்ணெய் பூசி மினுங்கிக்கொண்டு நிற்கும். அதைத் தொட கம்சாயினி ஒருத்திக்குத்தான் அனுமதி. எழுத்து என்றால் அவளுக்குப் பைத்தியம். பஸ்ஸில் போனால் மற்றவர்கள் ஊர் பார்ப்பார்கள், அவள் பலகை பார்ப்பாள். தாலிக்கொடிக்குச் சண்டை பிடிக்காதவள் கலியாணக் கார்டு எழுத்துக்குச் சண்டை பிடித்தாள் என்று அவள் புருசன் சிவதர்ஷன் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பான். அவன் கல்லடிக் கடற்கரையில் படகு வைத்திருப்பவன்.

எல்லாவற்றையும் தொடங்கி வைத்தது ஒரு மென்பந்துக் கழகம். அதன் செயலாளன் நிலோஜன் ஒரு காலையில் கடைக்கு வந்து நின்றான்.

"அக்கா, எழுத்தப் பாத்த உடன எதிர் அணிக்கு வயிறு கலக்கோணும். பழசா, முரடா, அடிபட்டதா ஒண்டு போடுங்க."

இணையத்தில் அப்படியான எழுத்து இல்லாமல் இல்லை. ஒன்றை இறக்கி 'மட்டக்களப்பு' என்று அடித்துப் பார்த்தாள். முதல் பார்வைக்கு முரடாகத்தான் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தவளுக்கு முகம் சுருங்கியது. இரண்டு ட-விலும் ஒரே இடத்தில் ஒரே கீறல். இரண்டு க-விலும் ஒரே அளவில் ஒரே ஓட்டை.

"இது பொய்க் காயம், அங்கிள்," என்றாள். "அடிபட்டவன் ரெண்டு பேருக்கு ஒரே இடத்தில ஒரே மாதிரியா காயம் வரும்?"

"மென்பந்துக்கு உது காணும் புள்ள," என்றார் வேர்னன். அவளுக்கு அது போதாது. பிடித்தால் விடுகிற குணம் அவளுக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

பின்னேரம் கடற்கரைக்குப் போனால், சிவதர்ஷன் மணலில் சம்மாணம் கட்டியிருந்து பழைய செருப்புகளை வட்ட வட்டமாக வெட்டிக்கொண்டிருந்தான். வலையின் மேல்கயிற்றில் கோத்தால் இறப்பர் நன்றாக மிதக்கும். அந்தக் கரையில் பாதிப் பேருக்கு வலை மிதப்பு அப்படித்தான். அவனே போட்டுத் தேய்த்த செருப்பு ஒன்று வெட்டுக்குக் காத்துக் கிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். தமிழில் வெட்டச் சுகமான எழுத்து ட. கண்ணாடியில் தெரிகிற மாதிரித் திருப்பி வெட்டி, மறுநாள் கடையில் மை உருட்டி, கடதாசியை வைத்து அமத்தி, மெல்ல உரித்தாள்.

உரித்தவள் அப்படியே நின்றாள். கடதாசியில் ட கன்னங்கரேல் என்று இருந்தது. ஆனால் அதன் காலடியில், சிவதர்ஷன் குதிக்காலை ஊன்றி ஊன்றிக் குழி விழுந்த இடத்தில், மை படவே இல்லை. அங்கே வெள்ளையாக, அரைச் சந்திரன் மாதிரி, அவன் நடை இருந்தது. வலை இழுக்கும்போது பின்னுக்குச் சாய்ந்து குதியைக் குத்தி நிற்கிறவனின் நடை. பத்து ஊர் ஆட்களின் செருப்பைக் கலந்து போட்டாலும் இது என் புருசனுடையது என்று அவளால் சொல்லியிருக்க முடியும். மனிதன் நடந்த நடை மண்ணில் அழிந்து போகும், கடதாசியில் இப்படி நிற்குமா? அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. வேர்னன் கூட, பகிடி விட வாயைத் திறந்தவர், கடதாசியைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

பிறகென்ன, கல்லடியில் பழஞ்செருப்புக்குக் கிராக்கி வந்துவிட்டது. வேர்னனின் மனைவி மேர்டில் மாதா கோவிலுக்குப் போகும் பாதை தேய்த்த சோடியைக் கொண்டுவந்து கொடுத்தார். அது ம ஆனது. பக்கத்து ஊர் ஆசிரியை முப்லிஹா வகுப்பறைக்குள் நடந்தே தேய்த்த ஒரு சோடியைத் தந்தாள். அது வ. தையல் மெசின் மிதிக்கிறவளின் செருப்பு பெருவிரலடியில் மட்டும் தேய்ந்திருந்தது; அதில் வந்த ப-வுக்கு ஒரு மூலை மட்டும் இல்லை. ஒவ்வொரு எழுத்தையும் சோடியாகவே வெட்டினாள், இடக்காலில் ஒன்று, வலக்காலில் ஒன்று. கணினியில் ஏற்றும்போது ஒன்று மாறி ஒன்று வருகிற மாதிரி அமைத்தாள். இப்போது மட்டக்களப்பு என்று அடித்தால் முதல் ட இடது, அடுத்த ட வலது. சொற்கள் நடந்தன. பொய்க் காயம் என்று எவரும் சொல்லமுடியாது.

கோயில் துண்டுப்பிரசுரத்துக்கு மட்டும் அவள் அந்த எழுத்தைத் தொடுவதில்லை. யாரும் தடுக்கவில்லை. அம்மன் பெயரைச் செருப்பில் எழுத அவளுக்கே கை கூசியது.

செருப்பு எடுப்பதற்குக் கரையில் ஒரு முறை உண்டு. கடல் ஒதுக்கியது யாருக்கும் சொந்தம், எடுக்கலாம். ஆனால் தொழிலுக்குப் போகிறவன் படகு தள்ளும் முன் கழற்றி வைக்கிற செருப்பை ஒருவரும் தொடக்கூடாது. அதை அவன் அலை எட்டாத மேட்டில், கரையைப் பார்த்த மாதிரித் திருப்பி வைப்பான். கடலில் இருந்து ஏறி வருகிற கால் நேரே அதற்குள் நுழைய வேண்டும் என்பது கணக்கு. பரம எதிரியின் செருப்பாக இருந்தாலும் சுற்றிக்கொண்டு போவார்களே தவிர, காலால் கூடத் தட்டமாட்டார்கள். கடற்கரையில் பிறந்த கம்சாயினிக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் தவறினாள்.

அந்தப் பங்குனியில் சிவதர்ஷன் வடக்கே வாகரைக்குக் கிட்ட, மாங்கேணிக் கரையில், தங்கித் தொழில் செய்ய ஓலை வாடி போட்டிருந்தான். சாப்பாடு கொண்டுபோனவள், வாடிக்குப் பின்னால் தாழம்புதர் ஓரமாக மணலுக்குள் பாதி புதைந்த ஒற்றைச் செருப்பு ஒன்றைக் கண்டாள். பெரிய பாதம், இடக்கால். அப்போது எல்லா எழுத்தும் முடிந்து அ மட்டும் மிச்சம் இருந்தது. அகலமான எழுத்து; சின்னச் செருப்புக்குள் அடங்காமல் அவளை அலைக்கழித்துக்கொண்டிருந்த எழுத்து. மணலைத் தட்டிவிட்டுத் திருப்பினாள். வெளியோரம் முழுக்கச் சாய்வாகத் தேய்ந்திருந்தது. வார் பிடுங்குப்பட்ட ஓட்டையில், அடிப்பக்கம் ஒரு கறுத்த சட்டைப் பொத்தானை வைத்து, தூண்டிலுக்குக் கட்டுகிற தங்கூசி நூலால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். மிதிபட்டு மிதிபட்டு அந்தப் பொத்தான் இறப்பருக்குள் அமிழ்ந்து மட்டமாகிக் கிடந்தது. அவள் கண் முழுக்க அந்தப் பொத்தானில். செருப்பு கரையைப் பார்த்துக் கிடந்ததையும் கண்டாள்தான். ஒற்றைதானே, புதைந்ததுதானே, மாரிக் கடல் ஒதுக்கியதுதானே என்று பையில் போட்டாள்.

அந்த அ-வைப் போல இன்னொன்று அவளுக்கு அமையவில்லை. கீழ்க்கோடு போகப் போக மெலிந்து, புகை மாதிரி மறைந்துவிடும். வலப்பக்கக் கோட்டின் தலையில் ஒரு கறுப்பு வட்டம், அதற்குள் நாலு வெள்ளைப் பொட்டு. பொத்தான் அப்படியே பதிந்திருந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் முதலில் அந்த எழுத்தில்தான் விரலை வைத்தார்கள். வெட்டி எறிந்த துண்டுகளைச் சிவதர்ஷன் வழக்கம்போல மிதப்புக்கு எடுத்துக்கொண்டான். சோடிச் செருப்புக் கிடைக்காததால் அ மட்டும் ஒற்றையாகவே நின்றது. மற்ற எழுத்துகள் நடந்தன, அது ஒற்றைக் காலில் கெந்தியது. வேறொருவரின் வலக்காலை அதற்குச் சோடி சேர்க்க அவளுக்கு மனம் வரவில்லை.

நிலோஜனின் சுவரொட்டி 'அனைவரும் வருக' என்று கொட்டை எழுத்தில் ஒட்டப்பட்டதுதான் தாமதம், ஆள் மாறி ஆள் கேட்டு வந்தார்கள். கம்சாயினி எழுத்தைக் காசு வாங்காமல் இணையத்தில் சும்மாவே போட்டுவிட்டாள். கல்முனையில் துணிக்கடை, கொழும்பில் நாடகக் குழு, கனடாவில் யாரோ ஒருவரின் கொத்துரொட்டிக் கடை என்று அது போன தூரம் வெட்டியவளுக்கே பிடிபடவில்லை. வாயாடி என்று பேர் எடுத்த வேர்னனுக்குத் தலைகால் தெரியவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் படம் காட்டினார்.

இரண்டாம் வருடச் சுற்றுப்போட்டிக்கு வடக்கே வாகரை வரைக்கும் சுவரொட்டி போனது. போன கையோடு ஒரு முற்பகலில், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கடைக்குள் வந்தார். கையில் சீலைப் பை. பையில் இருந்து, சுவரில் இருந்து உரித்தெடுத்த அந்தச் சுவரொட்டியின் ஒரு மூலையை எடுத்து மேசையில் விரித்தார். அதில் இருந்தது அ மட்டும்தான்.

"இந்த எழுத்த ஆரு போட்ட?"

"நான்தான் அக்கா. என்ன விசயம்?"

வந்தவர் பொத்தான் வட்டத்தில் விரலை வைத்தார். "இந்தப் பொத்தான நான் வச்ச."

அவர் பெயர் சீதேவிப்பிள்ளை. மாங்கேணி. புருசன் நல்லரத்தினம், படகுத் தொழில். சுவரொட்டியைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"அவருக்கு இடக்கால் மாடு முட்டின கால். வெளிப்பக்கமாத்தான் ஊண்டுவார். வார் புடுங்கிப்போன நேரம் சட்டப் பொத்தானக் கழட்டி நான்தான் கட்டிக் குடுத்த. ரெண்டு மாரிக்கு முன்னம் கார்த்திகையில போன படகு. இன்னும் வரல்ல. ஆளும் இல்ல, பலகையும் இல்ல. செருப்ப வச்ச இடத்தில வச்சபடி விட்டிருந்தன். நாளும் விடியப் போய் மணலத் தட்டிப்போட்டு வருவன். அந்த மாரி வெள்ளத்திலயே ஒண்டக் காணல்ல. தேடாத இடம் இல்ல, புள்ள."

கம்சாயினி சுவரொட்டித் துண்டைத் தன் பக்கம் இழுத்து அந்தப் பொத்தானைப் பார்த்தாள்.

"எங்க எடுத்த?"

"உங்கட ஊர்லதான் அக்கா. தாழம்புதருக்க."

"எந்தப் பக்கம் பாத்துக் கிடந்த?"

கடல் பக்கம் என்று சொல்லியிருக்கலாம். யார் கண்டது? அவள் தலையைக் குனிந்துகொண்டு, "கரையப் பாத்து," என்றாள்.

சீதேவிப்பிள்ளை ஏசவில்லை, அழவுமில்லை. "அதத் தா. நான் கொண்டுபோறன்," என்றார். வேர்னன் கடை வாசலில் நின்ற வாடிக்கையாளரைப் பிறகு வாங்க என்று அனுப்பிவிட்டுக் கதவோரமாக நின்றுகொண்டார். கம்சாயினி உள்ளே போய், பலகைத் துண்டில் ஒட்டியிருந்த இறப்பர் எழுத்தை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள். திருப்பி வெட்டிய அ, மை ஊறிக் கறுத்துப்போய். செருப்பு என்று சொல்ல அதில் பொத்தானைத் தவிர ஒன்றும் இல்லை.

"மிச்சம்?"

"மிச்சத்த... எங்கட வலையில மிதப்பாக் கட்டியிரிக்கு, அக்கா."

"எந்தக் கடல்ல?"

"இப்ப உங்கட கடல்லதான். மாங்கேணியில."

சீதேவிப்பிள்ளை கதிரையில் இருந்தார். கம்சாயினி கணினிப் பக்கம் திரும்பினாள். அவளுக்கு இருந்த ஒரே பிராயச்சித்தம் அதுதான் என்று பட்டது. "அழிச்சுப்போடுறன் அக்கா. இந்த எழுத்தே இனி இல்லாமப் பண்ணுறன். குடுத்த ஆக்களுக்கெல்லாம் சொல்லி எடுப்பிக்கிறன்." சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண்ணீர் முட்டியது. தன் வாழ்நாளில் செய்த நல்ல காரியம் என்று அவள் நினைத்திருந்தது அந்த எழுத்து. அதைத் தன் கையாலேயே அழிக்க விரலை வைத்தாள்.

"பொறு புள்ள," என்றார் சீதேவிப்பிள்ளை. "ஆக்களுக்கெல்லாம் எண்டா, இது எங்கெங்க இரிக்கு?"

கம்சாயினி ஒவ்வொன்றாகத் திரையில் காட்டினாள். கல்லடிப் பாலத்தடி. குருக்கள்மடம். கல்முனைத் துணிக்கடை. கொழும்பில் ஒரு மேடைக்கு மேலே, ஓர் ஆள் உயரத்தில். கனடாவில் பனி கொட்டுகிற தெருவில், கடைக் கண்ணாடியில். எல்லாவற்றிலும் அந்த வெளியோரத் தேய்வு, அந்தப் பொத்தான்.

சீதேவிப்பிள்ளை திரைக்குக் கிட்டப் போய் நின்றார். வாயில் கை வைத்தபடி பார்த்தார். அவர் முகத்தில் வந்ததைத் துக்கம் என்று சொல்ல முடியாது. தேர் வீதிக்கு இறங்கும்போது சனங்களின் முகத்தில் வருமே, அது வந்தது.

"மனிசன் வாழைச்சேனைச் சந்தைக்கு அங்கால காலெடுத்து வச்சதில்ல," என்றார் மெல்ல. "வா ஒருக்கா மட்டக்களப்புக்குப் போவம் எண்டா, கால் ஏலாது எண்டுவார். இப்ப பாருங்களன் அவர்ர கூத்த. பனிக்குள்ளயும் நிக்கிறார்."

வேர்னன் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

சீதேவிப்பிள்ளை சீலைப் பைக்குள் கையை விட்டார். பழைய பத்திரிகைத் தாளில் சுற்றியிருந்ததை அவிழ்த்து மேசையில் வைத்தார். வலக்கால் செருப்பு. மணல் ஒரு பொட்டும் இல்லாமல் துடைத்திருந்தது. மேசையில் வைத்தவர், பழக்கத்தில் அதன் முன்பக்கத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்தார்.

"சோடி சேர்க்கத்தான் கொண்டுவந்த," என்றார். "அத வாங்கிக்கிட்டுப் போய், ரெண்டையும் பழைய இடத்தில வைப்பம் எண்டு. இனி வேணாம். இதையும் வெட்டு."

"அக்கா, நான் மாட்டன்."

"வெட்டு புள்ள. ஒத்தக் காலோட எவ்வளவு தூரம்தான் கெந்துவார் அந்த மனிசன்?"

கம்சாயினி கத்தியை எடுத்தாள். சீதேவிப்பிள்ளை பக்கத்தில் இருந்து செருப்பின் குதிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டார், குழந்தைக்கு நகம் வெட்டும்போது பிடிக்கிற மாதிரி. வலக்கால் வேறு விதமாகத் தேய்ந்திருந்தது. மற்றக் காலின் பாரத்தையும் தாங்கிய கால். நடுவிலே பெரிய பள்ளம். வெட்டி முடித்து, மை உருட்டி, மெசினுக்குக் கீழே வைத்தபோது, பிடியை அமத்தச் சொல்லி வேர்னன் சீதேவிப்பிள்ளையிடம் கொடுத்தார். அந்தப் பழைய மெசினை அவர் அந்நியர் எவரையும் தொட விட்டு யாரும் கண்டதில்லை.

கடதாசியை உரித்தார்கள். இடது அ ஓரம் தேய்ந்து நின்றது. வலது அ நடு வெளித்து நின்றது. ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று. ஓர் ஆள் அந்தக் கடதாசியில் ஏறி நிற்கிறார் என்றுதான் மூன்று பேருக்கும் பட்டது.

கம்சாயினி புதிய எழுத்தைக் கணினியில் ஏற்றினாள். பிறகு அ-வை மட்டும் திரும்பத் திரும்ப அடித்தாள். இடது, வலது, இடது, வலது. திரையின் ஒரு கரையில் தொடங்கி மறுகரை வரைக்கும் நல்லரத்தினம் நடந்து போனார். சாய்ந்து ஊன்றுகிற கால், பாரம் தாங்குகிற கால், அப்படியே. சீதேவிப்பிள்ளை உதட்டைக் கடித்துக்கொண்டு, கடைசி அடி வரைக்கும் கண்ணால் கூடவே போனார்.

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழும்பினார். அச்சடித்த கடதாசியை மடிக்காமல் சுருட்டி, வெறுமையான சீலைப் பைக்குள் வைத்தார். வாசல் வரைக்கும் கூடப் போன கம்சாயினிக்கு மனம் ஆறவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேவிட்டாள்.

"அக்கா, ரெண்டையும் வெட்டிப்போட்டமே. மறுகா ஒரு நாளைக்கு அவர் வந்தா?"

சீதேவிப்பிள்ளை படியில் இறங்கித் திரும்பிப் பார்த்தார்.

"வந்தா வெறுங்காலோட வரட்டும், புள்ள. வீடு கிட்டத்தானே."